பன்னிரண்டு பத்து

எல்லோரும் பீன்ஸ் சூப்பில் கரண்டியை விட்டாயிற்று. நவோமி ரெஸ்லர் மட்டும் தன் கிண்ணத்தைத் தொடவில்லை. தினமும் பன்னிரண்டு மணிக்கு ஊதும் சோதனைச் சைரன் ஓயும்வரை அவள் சாப்பிட மாட்டாள். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நிற்பாள். வயது எண்பது. எங்கள் லெஹ்மன் ஓடைத் தன்னார்வத் தீயணைப்புப் படையில் சேர்ந்த முதல் பெண். எங்கே தீ என்றாலும் முதலில் வந்து நிற்பவள் அவள்தான். சைரனுக்கே அவளைக் கண்டால் பயம் என்று இளவட்டங்கள் கிண்டலடிப்பார்கள்.

அன்று சனிக்கிழமை. படையின் நூற்றாண்டு மலருக்கு நான் எழுதிய வரலாற்றை வாசிப்பதற்காக நிலையத்தில் கூடியிருந்தோம். நான் லோவல் ஸ்ட்ரேயர். செயலாளர் என்ற பேரில் முப்பது வருஷமாக இங்கே காகிதத்தோடு மல்லுக்கட்டுகிறவன். 1926-இல் நாற்பது வாளிகளும் ஒரு குதிரை வண்டியும், அப்புறம் பால் வண்டியைப் பிரித்துச் செய்த முதல் லாரி, எல்லாவற்றையும் மளமளவென்று எழுதிவிட்டேன். 1956 அக்டோபரில் வந்து பேனா நின்றுவிட்டது.

ரெஸ்லர் வீட்டுத் தீ. நான்கு வயது ஏமஸ் புகையில் மூச்சுமுட்டிச் செத்துப்போனான். அவனுடைய அக்கா நவோமிக்கு அப்போது பத்து வயது. வீட்டில் ஃபோன் கிடையாது. பன்னிரண்டு அடிக்கச் சில நிமிடம் இருக்கும்போது ஓட ஆரம்பித்து, அரை மைல் தள்ளி அடுத்த பண்ணையிலிருந்து கூப்பிட்டாள். அழைப்பு வந்த நேரம் பன்னிரண்டு பத்து என்று எல்லாப் பழைய மலர்களிலும் அச்சாகியிருக்கிறது. அரை மைலுக்கு அவ்வளவு நேரமா, ஓடையில் இறங்கி விளையாடியிருக்கும் என்று ஊர் பேசியது. அவள் முகத்துக்கு நேரே யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பாள், பாவம்.

போன மாதம் என் அம்மாவின் பெட்டியில் அந்த வருஷத்து நோட்டு கிடைத்தது. அந்தக் காலத்தில் தீ ஃபோன் எங்கள் வீட்டு அடுக்களையில்தான் இருந்தது. அம்மா எடுத்துப் பேசுவாள், நேரத்தைக் குறிப்பாள், சுவரிலிருக்கும் பொத்தானை அழுத்துவாள், நிலையத்தில் சைரன் ஊதும். அந்தப் பக்கத்தில் அவள் கையெழுத்தில் 12:00 என்று இருந்தது. முதல் சுழியத்தின் மேல் பச்சை மசியில் தடியாக ஒரு கோடு இழுத்து 12:10 ஆக்கியிருந்தது. பச்சை மசியில் எழுதுகிறவர் அப்போதைய படைத் தலைவர், என் அப்பா. நடந்தது என்ன என்று அதே பக்கத்தின் அடியில் அம்மா எழுதி வைத்திருந்தாள்.

அம்மா பொத்தானை அழுத்திய அதே நேரத்தில் சோதனைச் சைரன் தானாக ஊதியிருக்கிறது. தான் அழுத்தியதுதான் ஊதுகிறது என்று அம்மா நினைத்தாள். வெறும் சோதனை என்று மாவு ஆலையில் இருந்த அப்பாவும் படையின் மற்ற பதினாறு பேரும் நினைத்தார்கள். கடிகாரத்தைப் பார்த்தார்கள், சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். வண்டி போகிற சத்தமே கேட்கவில்லையே என்று பத்து நிமிடம் கழித்து அம்மா மறுபடி அழுத்தினாள். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் அப்பா ஒரு சின்னப் பெண்ணின் தலையில் கட்டிவிட்டார்.

இப்போதைய தலைவன் கெர்மிட் யோஸ்டிடம் காலையில் நோட்டைக் காட்டினேன். அந்தப் பதினாறு பேரில் ஒருவர் அவனுடைய தாத்தா.

"சுவத்துல தொங்குறது உங்கப்பா படம், லோவல். அதை நீங்களே இறக்கப் போறீங்களா? பழைய நேரத்தையே போட்டுட்டுப் போங்க. எழுபது வருஷம் ஆச்சு."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சரி என்றுவிட்டேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அழைப்பு வந்த நேரம்" என்று வாசித்தேன். சைரன் ஊதியது. நவோமி எழுந்து நின்றாள். மற்றவர்கள் சாப்பிட்டார்கள். ஒரு நிமிடம்தான் ஊதும் என்று காத்திருந்தேன்.

ஓயவில்லை.

எங்கேயோ மாட்டிக்கொண்டது என்று யாரோ சிரித்தார்கள். கெர்மிட் சுவிட்ச் அறைக்குப் போய்த் திரும்பி வந்தபோது அவன் முகம் சரியில்லை. மின்சாரத்தையே துண்டித்துவிட்டேன் என்றான். ரேடியோவில் கேட்டதற்கு மாவட்டத்தில் எங்கும் அழைப்பு இல்லை என்றார்கள். இரண்டு பேர் வாசலுக்கு ஓடிப்போய் நாலாபக்கமும் பார்த்தார்கள். புகை இல்லை. வானம் பளிச்சென்று இருந்தது. கரண்டிகள் ஒவ்வொன்றாக மேஜைக்கு இறங்கின.

அது தானாகவே ஓய்ந்தபோது சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு பத்து.

நவோமி யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"இவ்வளவு நேரம்தான் ரோட்டோரம் நின்னேன்," என்றாள். "வண்டிக்கு வழி காட்டச் சொல்லியிருந்தாங்க எங்கம்மா."

காகிதத்தைக் கீழே வைத்தேன். அதில் எழுதியிருந்தது இனி தேவையில்லை.

"அழைப்பு வந்த நேரம் பன்னிரண்டு மணி," என்றேன். "எடுத்தது எங்கம்மா. சைரன் கேட்டும் எழுந்திருக்காதது எங்கப்பாவும் பதினாறு பேரும்."

கெர்மிட் தலையைக் குனிந்துகொண்டான். நவோமி தொப்பியை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். சூப் ஆறி மேலே ஆடை கட்டியிருந்தது. அதைக் கரண்டியால் ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.