ஆணியில் தொங்கிய குடுவை

மாத்தே குடுவை கெர்லிண்டா அம்மாவிடமிருந்து அவள் கணவனுக்கும், அவனிடமிருந்து மகன் அன்செல்முவுக்கும் போய்த் திரும்பியது. மூன்றாவது சுற்றிலும் லியோகாடியாவைத் தாண்டித்தான் போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் இரேனா தலையைக் குனிந்துகொண்டாள். அன்செல்முவுக்கும் இரேனாவுக்கும் கல்யாணப் பேச்சு என்று கூப்பிட்டு அனுப்பிவிட்டு நடந்த கூத்து இது.

ஒரே குடுவை, ஒரே குழல், கூடியிருப்பவர்கள் எல்லாரும் மாறி மாறி உறிஞ்ச வேண்டும். மாத்தே என்கிற கசப்பு இலைப் பானத்தைக் குடிக்கிற முறையே அதுதான். கெர்லிண்டா அம்மாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது போலிருந்தது. உள்ளே திரும்பி வேலைக்காரப் பெண்ணிடம் சாதாரணமாகச் சொன்னாள்.

"லியோகாடியாவோட குடுவை சமையக்கட்டுக் கதவுக்குப் பின்னாடி ஆணில தொங்குது பாரு. அதைக் கழுவி எடுத்துட்டு வா."

லியோகாடியா அந்தக் குடுவையைப் பதினாறு வருஷமாக அறிவாள். அந்த வீட்டில் தரை துடைத்த காலமெல்லாம் அதில்தான் குடித்தாள். விளிம்பு உடைந்தது, தகரக் குழல் போட்டது. கை வலி வந்து வேலையை விட்டு நின்ற பிறகும் அதை எறியாமல் வைத்திருக்கிறார்கள். சம்பந்தியம்மாவாக அன்றைக்குத்தான் முதல்முறை அந்தச் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். தாகமில்லை என்று சொல்லிவிட்டாள்.

கல்யாண ஏற்பாட்டைக் கெர்லிண்டா அம்மா தானே முடிவு செய்து வைத்திருந்தாள். மாதா கோயிலில் பூசை, பிறகு கார் வரிசை, பிறகு ஊர் மண்டபத்தில் விருந்து. ஆஸ்திரியாவிலிருந்து உறவினர்கள் வருகிறார்கள். வாத்தியக் கோஷ்டி வருகிறது. வருகிறவர்களுக்குப் போலந்துக் கொழுக்கட்டை பிடிக்கும் என்பதால், அதை லியோகாடியாவைத் தவிர யாராலும் சரியாகச் செய்ய முடியாது என்பதால், அவள் பூசை முடிந்ததும் பின்வாசல் வழியாக மண்டபச் சமையலறைக்கு வந்துவிட வேண்டும். பெண்ணைப் பெற்றவள் விருந்தில் எங்கே உட்காருவாள் என்ற பேச்சே எழவில்லை.

"அப்புறம் உங்க மேட்டு ஆளுங்க வழில கயிறு கட்டி மறிக்கிற பழக்கம் இருக்குல்ல, அதெல்லாம் வேணாம்," என்றாள். "வெளியூர்க்காரங்க பார்த்தா பிச்சை கேக்கறாங்கன்னு நினைப்பாங்க. எனக்குத்தான் அசிங்கம்."

அன்செல்மு தன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல பையன்தான். அம்மா பேசும்போது மட்டும் அவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

நோவா திரோல் ஊருக்கும் அதன் தலைக்கு மேலிருக்கும் வார்சோவியா மேட்டுக்கும் நடுவே ஓடுவது ஒரு சின்ன ஆறு. ஆனால் அதைத் தாண்டத் தலைமுறைகள் போதவில்லை. இரண்டு கூட்டமும் ஐரோப்பாவில் பிழைக்க வழியில்லாமல் கப்பலேறி பிரேசிலுக்கு வந்தவர்கள்தான். முதலில் வந்தவர்கள் லியோகாடியாவின் கூட்டமான மேட்டுப் போலந்துக்காரர்கள். அப்போது அவர்கள் தேசத்தையே மூன்று ராஜாக்கள் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்க நாதியற்ற கூட்டம் என்று காட்டைக் காட்டி, வெட்டிப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். 'கொடியில்லாத போலாக்' என்ற ஏச்சு அன்றைக்கு ஒட்டியது, இன்றைக்கும் உரியவில்லை. கெர்லிண்டா அம்மாவின் கூட்டமான ஆஸ்திரியர்கள் வெகுகாலம் கழித்து, தங்கள் திரோல் மலைநாட்டிலிருந்து வந்தார்கள். அவர்களோடு டாக்டர் வந்தார், கறவை மாடுகள் வந்தன, பித்தளை வாத்தியங்கள்கூட வந்தன. ஆற்றோரச் சமவெளி அவர்களுக்குக் கிடைத்தது.

இன்றைக்கும் அந்தத் தேசம் அவர்கள் பள்ளிக்கூடத்துக்கு உதவி அனுப்புகிறது. பேரப்பிள்ளைகள் அந்த நாட்டுப் பாஸ்போர்ட் வாங்கி, பனிமலை ஹோட்டல்களில் சம்பாதித்து, திரும்பி வந்து மரப் பால்கனி வைத்து மாடி கட்டுகிறார்கள். மேட்டில் இருப்பது புகையிலை. விலை வைப்பவன் கம்பெனிக்காரன். பச்சை இலை பறித்துத் தலைசுற்றி வாந்தி எடுக்காத பெண் அங்கே கிடையாது. அதுவும் போதாமல் கீழே இறங்கி வந்து பாத்திரம் தேய்ப்பார்கள். இரண்டு கூட்டத்துக்கும் தலைமுடி ஒரே சோளநார் நிறம், கண் ஒரே நீலம், கும்பிடுவது ஒரே மாதாவை. வெளியூர்க்காரனை நிறுத்தி இவர்களில் யார் எந்தக் கூட்டம் என்று கேட்டால் திண்டாடிப் போவான். உள்ளூர்க்காரனுக்கு மட்டும் எப்படியோ எட்டத்திலேயே தெரிந்துவிடுகிறது!

வீட்டுக்கு வந்த லியோகாடியா அடுப்பில் விறகைத் திணித்த வேகத்திலேயே அவள் கணவன் கசிமீரோவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. எல்லாம் கேட்டுவிட்டு, பெண் சந்தோஷமாக இருந்தால் போதும், நாம் பொறுத்துக்கொள்வோம் என்றான். அவள் திரும்பி அவனை முறைத்தாள்.

"நான் எங்க உக்காந்தா என்ன. சமையக்கட்டு எனக்குப் புதுசா? அந்தக் குடுவைதான்யா எனக்குப் பயம். என்னை உக்காத்தி வச்ச இடத்துலயே நாளைக்கு என் பொண்ணையும் உக்காத்திருவா."

கசிமீரோ எழுந்துபோய்ப் பக்கத்து வீட்டு லாதிஸ்லாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். மேட்டில் எந்தக் கல்யாணம் என்றாலும் வழிமறிப்புக்குத் தலைவன் லாதிஸ்லாவ். மறித்து நின்று, மாப்பிள்ளையைக் கிண்டல் செய்து, ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டுதான் கயிற்றை இறக்குவான். வேண்டாம் என்று கெர்லிண்டா அம்மா சொன்னதைக் கேட்டதும் அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

கல்யாணத்தன்று பூசை முடிந்ததும் லியோகாடியா மண்டபத்தின் பின்வாசலுக்குப் போகவில்லை. கார்கள் போகும் வழியிலிருந்த ஆற்றுப் பாலத்துக்குப் போனாள். பாலத்தின் குறுக்கே காகிதப்பூ சுற்றிய கயிறு. அதன் நடுவே வெள்ளைத் துணி விரித்த மேசை. மேசைமேல் அவள் விடியலில் சுட்ட உருண்டை ரொட்டி, அதன் உச்சியில் குழி பறித்து உப்பு. கருநீலப் பாவாடையும் பூப்போட்ட தலைத்துணியுமாக அவள் மேசைக்குப் பின்னால் நின்றாள். மேட்டுச் சனம் அவளுக்குப் பின்னால் நின்றது.

கார்கள் வந்து வரிசையாக நின்றன. முதல் காரிலிருந்து அன்செல்மு இறங்கினான். பாட்டில் எதுவும் கொண்டுவரவில்லை என்று அசடு வழிந்தான். லாதிஸ்லாவ் சும்மா விடவில்லை.

"பாட்டில் இல்லாம பொண்ணு எடுக்க வந்துட்டீங்களா மாப்பிள்ளை? உங்க கொள்ளுத்தாத்தாவுக்கும் எங்க கொள்ளுத்தாத்தாவுக்கும் ஒரே ராஜாதானே, வியன்னாவுல உக்காந்திருந்தவரு? ரெண்டு பேரும் அவருக்குத்தான் வரி கட்டுனாங்க. அவரு கஞ்சத்தனம் உங்களுக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

சனம் சிரித்தது. அன்செல்முவும் சிரித்துவிட்டான். இரண்டாவது காரில் கெர்லிண்டா அம்மா இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியை இறக்கி, வழிவிடச் சொல்லு என்று மகனிடம் சொன்னாள். லியோகாடியா ரொட்டியைக் கையில் எடுத்தாள்.

"பாட்டில் வேணாம்," என்றாள். "பொண்ணைப் பெத்தவ கையால ரொட்டியும் உப்பும் வாங்கிட்டுப் போங்க. ரெண்டு வீட்டுக்காரங்களும்."

இரேனா வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். ரொட்டியைப் பிய்த்து உப்பில் தொட்டு வாயில் போட்டவளுக்கு அழுகை வந்துவிட்டது. அன்செல்முவும் பிய்த்தான். அதற்குள் பாலத்தருகே நின்றிருந்த சுற்றுலா பஸ்ஸிலிருந்து சனம் இறங்கிக் கைப்பேசிகளைத் தூக்கிப் பிடித்தது. யாரோ கைதட்டினார்கள். ஆஸ்திரிய உறவினர்களும் இறங்கிவந்து, அழகான வழக்கம் என்று பாராட்டிப் பிய்த்துக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் கெர்லிண்டா அம்மாவும் இறங்கினாள். முகம் நிறையச் சிரிப்போடு லியோகாடியாவின் கையிலிருந்த ரொட்டியைப் பிய்த்துத் தின்றாள். எல்லாக் கைப்பேசிகளும் அதைப் படம் பிடித்தன.

அன்றைக்கு லியோகாடியா மண்டபத்துக்கு முன்வாசல் வழியாகப் போனாள், உட்கார்ந்து சாப்பிட்டாள். சமையலறையில் கொழுக்கட்டையெல்லாம் வெந்நீரில் வாய்பிளந்து கஞ்சியாகிவிட்டதாகச் சொன்னார்கள். அவள் மனசார மகிழ்ந்தாள். ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றாகிவிட்டது, இனி என்ன என்று நம்பினாள். அந்த நம்பிக்கையோடு ஒரு குளிர்காலம் கழிந்தது.

வசந்தம் பிறந்து சுற்றுலாக் கூட்டம் வரத் தொடங்கிய சமயம், இரேனா கையில் ஒரு விளம்பரத் தாளோடு மேட்டுக்கு வந்தாள். கெர்லிண்டா அம்மா வீட்டோடு சேர்த்து நடத்தும் ஹோட்டல் போட்ட தாள். அதில் பாலத்தில் எடுத்த போட்டோ பெரிதாக இருந்தது. கெர்லிண்டா அம்மாவின் சிரிப்பு இருந்தது, ரொட்டி இருந்தது, ரொட்டியை ஏந்திய இரண்டு கை இருந்தது. கைக்குச் சொந்தக்காரியை மணிக்கட்டோடு வெட்டியிருந்தார்கள். கீழே, 'எங்கள் முன்னோரின் திரோல் வரவேற்பு: ரொட்டியும் உப்பும்' என்று எழுதியிருந்தது.

லியோகாடியா தன் கையையே வெகுநேரம் பார்த்தாள். கட்டைவிரல் தழும்பைக்கூட அழிக்காமல் விட்டிருக்கிறார்களே என்று கசிமீரோ கசந்து சிரித்தான். இரேனா வந்த காரியத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். இனி சனிக்கிழமைதோறும் அந்த ரொட்டி வேண்டுமாம். அம்மா சுட்டு அனுப்பினால் போதும். திரோல் உடுப்புப் போட்ட ஒரு பெண் வாசலில் நின்று கொடுப்பாள்.

லியோகாடியா மாத்தே போட்டு, தான் குடித்து, வெந்நீர் ஊற்றி மகளிடம் நீட்டினாள். இரேனாவின் கை நீளவில்லை.

"நீங்கல்லாம் குடிச்சு முடிங்கம்மா, நான் அப்புறம் குடிச்சுக்கறேன்," என்றாள்.

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. லியோகாடியா குடுவையைக் கீழே வைத்தாள்.

"அங்க நீ எதுல குடிக்கிற?"

இரேனா தரையைப் பார்த்தாள். "கதவுக்குப் பின்னாடி தொங்குதே, அதுல."

"அன்செல்முக்குத் தெரியாதா?"

"பார்த்துக்கிட்டுதான் இருக்காரு."

கசிமீரோ எழுந்து வெளியே போய்விட்டான். இத்தனைக்கும் பிறகு, கோயிலில் மோதிரம் மாற்றி, பாலத்தில் ரொட்டி பிய்த்து, ஊரே கைதட்டிய பிறகு, என் பெண் வாய் வைத்த குழலில் அவர்கள் வாய் வைக்க மாட்டார்களா? லியோகாடியாவுக்கு ஆத்திரமாக வந்தது. ரொட்டி சுடுவதாகவும், தானே கொண்டுவருவதாகவும் சொல்லி மகளை அனுப்பிவைத்தாள்.

சனிக்கிழமை கெர்லிண்டா அம்மாவின் முன்கூடத்தில் பஸ்ஸில் வந்தவர்கள் நிறைந்திருந்தார்கள். அன்செல்முவும் இருந்தான். கெர்லிண்டா அம்மா நடுவில் உட்கார்ந்து, எங்கள் ஊரில் எல்லாரும் ஒரே குடும்பம், ஒரே குடுவையில் குடிப்போம் என்று விளக்கிக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்து குடுவை சுற்றில் போய்க்கொண்டிருந்தது. லியோகாடியா அதே கருநீலப் பாவாடையும் தலைத்துணியுமாக முன்வாசல் வழியாக நுழைந்து, ரொட்டியை மேசைமேல் வைத்தாள். பிறகு நேரே சமையலறைக்குப் போனாள். அங்கே ஏப்ரன் கட்டிக்கொண்டு கோப்பை துடைத்துக்கொண்டிருந்த இரேனா பதறிப்போய்ப் பார்த்தாள். லியோகாடியா கதவுக்குப் பின்னாலிருந்த குடுவையை ஆணியிலிருந்து கழற்றினாள். இலை போட்டாள், வெந்நீர் ஊற்றினாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

கலக்கியவள் முதலில் குடிக்க வேண்டும். குடித்தாள். மறுபடி நிரப்பி மகளிடம் கொடுத்தாள். இரேனா நின்றபடியே, சத்தம் வரும் வரைக்கும் உறிஞ்சிக் குடித்தாள். மூன்றாவது முறை நிரப்பி, அந்த விளிம்பு உடைந்த குடுவையை, தகரக் குழல் கெர்லிண்டா அம்மாவின் பக்கம் இருக்கும்படி திருப்பி நீட்டினாள்.

கெர்லிண்டா அம்மாவின் முகம் வெளுத்தது. மகனைப் பார்த்தாள். அன்செல்மு முதல் தடவையாகக் கைப்பேசியைப் பார்க்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். விருந்தாளிகள் ஆவலாகப் படம் எடுக்கத் தயாரானார்கள். குடுவையை வாங்கிக்கொள்வதைத் தவிர கெர்லிண்டா அம்மாவுக்கு வழியில்லை. வாங்கினாள். குழலில் வாய் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, மருந்து குடிப்பதுபோலக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

"நல்லா எடுத்துக்குங்க," என்றாள் லியோகாடியா விருந்தாளிகளைப் பார்த்து. பிறகு சம்பந்தியம்மாவிடம் திரும்பினாள். "இதையும் உங்க முன்னோர் வழக்கம்னே போட்டுக்குங்க. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

குடுவையைத் திரும்ப வாங்கி, சொட்டு விழாமல் துடைத்து, தன் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டு முன்வாசல் வழியாக இறங்கிப் போனாள்.