பெட்ரோல் மூடியின் நிறம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. உகாண்டாவின் கம்பாலாவில் ஒரு பெயின்ட் பட்டறை வாசலில், கவிழ்த்துப் போட்ட தண்ணீர்க் கேன் மேல் மூன்று நாள் உட்கார்ந்திருந்தபோது அதுவாக வந்து ஒட்டிக்கொண்டது. பக்கத்துக் கேனில் எங்கள் பள்ளிக்கூட டிரைவர் செபுன்யா. நான் அதே பள்ளியில் கணக்கு வாத்தியார். பெயர்களை மாற்றிவிட்டேன், பேச்சுகளைத் தமிழாக்கினேன். மற்றதை மாற்றுவேனா என்று எனக்கே தெரியவில்லை.

முதல் வரியை நாலு முறை எழுதினேன். 'செபுன்யாவின் கை நடுங்கியது.' (எல்லார் கதையிலும் நடுங்குகிறது.) 'கீறல் என்னவோ ஒரு முழம்தான், ஆனால்' (ஆனால் என்ன? அப்படியே கிடக்கட்டும்.) மற்ற இரண்டும் இவற்றைவிட மோசம்.

2

விஷயம் இதுதான். செபுன்யாவின் தம்பி, பெண்வீட்டாருக்கு முறைப்படி அறிமுகமாகும் சனிக்கிழமை. மாப்பிள்ளை பக்கம் எத்தனை காரில் வந்து இறங்கியது என்று பெண்ணின் ஊரே எண்ணும். வரிசையில் ஒரு கார் குறைந்தது. தலைமையாசிரியை நபுகேரா தன் சாம்பல் நிறக் காரின் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, இரண்டு வாரப் பயிற்சிக்கு வடக்கே போய்விட்டார்.

விருந்தெல்லாம் முடிந்து திரும்பும்போது, வாழைத்தோட்டத்து கேட் கம்பம் பின்பக்க இடது கதவை இழுத்துக் கீறிவிட்டது.

ஒரு கீறலுக்கு இவ்வளவா என்று கேட்பீர்கள். ஒன்பது வருடத்துக்கு முன் செபுன்யா ஒரு கம்பெனி லாரியைப் பள்ளத்தில் கவிழ்த்தவர். அதற்குப் பிறகு யாரும் அவரிடம் சைக்கிளைக்கூட நம்பிக் கொடுக்கவில்லை. நபுகேராதான் வேலை கொடுத்தார். ஆறு வருடமாக வெள்ளிக்கிழமை தோறும் அந்தக் காரைக் கழுவித் துடைப்பவரும் செபுன்யாதான். அந்த அம்மாள் கதவைப் பார்த்தால் செபுன்யா மறுபடியும் 'அந்த லாரிக்காரன்' ஆகிவிடுவார். ஐம்பத்து நாலு வயதில் இன்னொரு நபுகேரா கிடைக்கப் போவதில்லை.

3

நல்ல பட்டறையை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த இடத்தில் கட்டுரை மாதிரி நாலு யோசனை எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன், பயந்தவன் யோசனை கேட்பதில்லை. பார்க்கிறவர்களையெல்லாம் பிடித்து விசாரிப்பான், ஒருவரையும் நம்பமாட்டான்.

முதல் இடத்தில் கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம். பதினைந்து நாள் ஆகும் என்றார்கள். இரண்டாவது இடத்தில் நாளைக்கே தருகிறேன் என்றான். அவன் பூசிய காரைச் செபுன்யா உள்ளங்கையால் தடவினார். ஈர பெயின்டில் உட்கார்ந்த தூசி ரவை மாதிரி நெருடியது. போதாக்குறைக்கு, அங்கே நின்ற இன்னொரு காருக்குப் பக்கக் கண்ணாடிகள் இரண்டும் இல்லை.

இராத்தூக்கம் போய்விட்டது அவருக்கு. என்னிடமும் கேட்டார், நம்பிக்கையான பெயின்டர் யாரையாவது தெரியுமா என்று. தெரியாது என்றேன்.

கடைசியில் மாத்தோவு அகப்பட்டான். அவன் விலை பேசவில்லை, அவசரப்படவும் இல்லை. கதவைப் பக்கவாட்டில் குனிந்து வெகுநேரம் பார்த்தான். விடியற்காலையில் தரையெல்லாம் தண்ணீர் தெளித்து, தூசி அடங்கின பிறகுதான் ஸ்ப்ரே எடுப்பேன் என்றான். அந்தத் தண்ணீர்தான் செபுன்யாவுக்குப் பிடித்துப் போயிற்று.

4

பிடித்தது வேறு, நம்பியது வேறு. இந்த ஊரில் வண்டியைப் பட்டறையில் விட்டால் சொந்தக்காரனும் கூடவே உட்கார வேண்டும். இல்லையென்றால் நல்ல பேட்டரி போய்ச் சொத்தை பேட்டரி வரும். மனைவியின் நகப்பாலிஷால் செபுன்யா டயர், பேட்டரி, ஜாக்கி எல்லாவற்றிலும் புள்ளி வைத்தார். ஒருவர் ஒதுங்கப் போனால் மற்றவர் காவல் என்பதற்காக என்னையும் கூட்டிக்கொண்டார்.

(இவ்வளவு சந்தேகப் பிராணியை வாசகர் நேசிப்பாரா? மாற்றிப் பார்த்தேன். புள்ளி வைக்காத செபுன்யா வேறு யாரோவாகிவிட்டார்.)

இரண்டாம் நாள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடித்ததும், காரையே நிறம் கலக்கும் கடைக்கு ஓட்டிப் போகலாம் என்றான் மாத்தோவு. கடை நடுபஜாரில் இருக்கிறது. ஆசிரியைகள் யாராவது பார்த்துவிட்டால்? செபுன்யா, கார் நிறத்திலேயே இருக்கும் பெட்ரோல் மூடியைக் கழற்றி, அதன் உள்பக்கமும் ஒரு புள்ளி வைத்து, இதைக் காட்டி வாங்கி வா என்று கொடுத்தார். பலரும் செய்வதுதான்.

மூன்றாம் நாள் வெயில் ஏறியபோது கதவு காய்ந்தது. கையை வைத்தால் வழுக்கியது, ஒரு தூசி இல்லை. ஆனால் நிறம் பக்கத்துக் கதவோடு சேரவில்லை. லேசாக நீலம் பாய்ந்திருந்தது. கூர்ந்து பார்த்தால் தெரியும். நபுகேரா கூர்ந்து பார்க்கிறவர்.

"மூடி சரியான மூடிதானே?" என்று செபுன்யா புள்ளியைத் தேடினார். புள்ளி இருந்தது.

"மூடி அந்தப் பக்கத்துது, கம்பெனில பூசின நிறம்ணே. இந்தக் கதவுங்க அப்படி இல்ல," என்றான் மாத்தோவு. "இந்தப் பக்கம் முழுக்க ஏற்கெனவே அடிபட்டு பட்டி வச்சுப் பூசியிருக்கு. தேய்க்கும்போதே பாத்தேன். சொல்ல வந்தேன், நீங்க மூடிய கையில திணிச்சு அனுப்பிட்டீங்க. செஞ்சவன் கெட்டிக்காரன்ணே. கண்ணால பாத்து சொல்லவே முடியாது."

எட்டு வருடத்தில் ஒரு கீறல் விழாத வண்டி என்று நபுகேரா ஊரெல்லாம் சொல்லி வந்தது இந்தக் கார்தான். செபுன்யா என்னைப் பார்த்தார். நான் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

5

முடிவு ஒன்று: மாத்தோவு மறுபடி நிறம் கலக்கிப் பூசுகிறான், யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது. எழுதினேன். செபுன்யாவே ஒத்துக்கொள்ளவில்லை. மறுபடி பூசி மறைத்தால் செத்துப்போவேன் சார் என்றார்.

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறார், அம்மாள் மன்னிக்கிறார். இதுதான் எனக்குப் பிடித்த முடிவு. இதில் நான் எங்குமே வரவேண்டியதில்லை.

இனி ஒளித்துப் பயனில்லை. மூன்று வருடத்துக்கு முன் என் மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வர அந்தக் காரை இரவல் வாங்கியவன் நான். சுவரில் இடித்து, யாருக்கும் தெரியாமல் பூசி வைத்தவனும் நானே. நம்பிக்கையான பெயின்டரை எனக்குத் தெரியும். அவனிடம் அனுப்பினால் காரை அடையாளம் கண்டுகொள்வான் என்றுதான் செபுன்யாவிடம் தெரியாது என்றேன். வெட்கமாக இருக்கிறது. நபுகேராவுக்குத் தமிழ் தெரியாது. இதைத் தமிழில் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

6

திங்கட்கிழமை, பதினொரு மணி. செபுன்யா, பயிற்சி முடிந்து வந்த தலைமையாசிரியையின் அறைக்குள் இருக்கிறார். நான் அடுத்த அறையில் விடைத்தாள்களுக்கு அடியில் இந்தத் தாளை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான்.

கம்பத்தில் இழுத்ததைச் சொல்லிவிட்டார். குரல் உடையவில்லை. பழைய பட்டியைப் பற்றியும் சொன்னார். அதை அவர் சொல்லியிருக்க வேண்டாம்.

"அது நான் இல்ல மேடம்."

"ஆறு வருஷமா அந்த வண்டிய வாராவாரம் துடைக்கிறது யாரு?" நபுகேரா கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. "இன்னிக்கி உண்மைய சொல்றீங்கன்னு நெனச்சேன் செபுன்யா. அதுலயும் பாதிதானா?"

செபுன்யா சாவிக்கொத்தை மேசையில் வைக்கும் சத்தம் கேட்கிறது, பள்ளிக்கூட வண்டிச் சாவி.

முடிவை உங்களிடம் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். இந்த மாதிரிக் கதைகளில் அது வழக்கம், யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் நீங்கள் இதைப் படிக்கும்போது அவர் வாசலைத் தாண்டிப் போயிருப்பார். என் நாற்காலியிலிருந்து தலைமையாசிரியை அறைக் கதவு எட்டு அடி. இந்தப் பத்தியை ஒழுங்காக முடித்துவிட்டு எழுந்து போகலாம் என்று