பாப்பாவின் முன்னேற்றம்

எங்கள் பாப்பாவுக்கு முப்பத்திரண்டு வயது. பெயர் என்று ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும்போது மட்டும் தேவைப்படும். மற்ற நேரமெல்லாம் பாப்பாதான். பிறந்ததிலிருந்தே மூளை வளர்ச்சி குறைவு. அதற்குக்கூட நாங்கள் பழகிவிட்டோம். இருபத்தைந்து வயதில் இன்னொரு நோய் வந்து சேர்ந்தது. கற்றுக்கொண்டவை ஒவ்வொன்றாக அவளை விட்டுப் போக ஆரம்பித்தன. டாக்டர் என்னையும் என் வீட்டுக்காரரையும் உட்காரவைத்துச் சொன்னார்: பேச்சு போகும், நடை போகும், கடைசியில் விழுங்குவதும் போகும். போனது திரும்பி வராது. வீட்டில் அடைத்து வைத்தால் சீக்கிரம் போகும்; நாலு பேரோடு தினமும் எதையாவது செய்துகொண்டிருந்தால் தள்ளிப்போடலாம்.

அப்படித்தான் இவளைப் போன்றவர்களுக்காக ஒரு டீச்சர் நடத்திய பகல் பராமரிப்பு மையத்துக்குப் போனோம். டயர் கடைக்கு மேலே ஒரு ஹால். கீழே காற்றடிக்கிற சத்தம் ஓயவே ஓயாது. மேலே பாப்பாவையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர், எல்லாரும் வளர்ந்தவர்கள், ஒருவருக்கு மீசையே நரைத்துவிட்டது. காலையில் வட்டமாக உட்கார்ந்து பந்து உருட்டுவார்கள். பிறகு துணி மடிப்பார்கள். மடித்ததை மதியம் டீச்சரே உதறிப் போட்டு மறுபடி மடிக்கச் சொல்வார். வெளியாள் பார்த்தால் வேலை வெட்டி இல்லாதவர்கள் என்றுதான் நினைப்பார். ஆனால் அங்கே போன ஆறு வருஷமும் பாப்பாவிடமிருந்து எதுவும் போகவில்லை. சேரும்போது அவளிடம் நாலு வார்த்தை இருந்தது: அம்மா, அப்பா, தண்ணி, வேணாம். ஆறு வருஷம் கழித்தும் அதே நாலு வார்த்தை இருந்தது. தானே படி ஏறினாள், தானே சாப்பிட்டாள். டாக்டரே நம்பாமல் மறுபடி மறுபடி சோதித்துப் பார்த்தார்.

ஹால் வாடகை, ஆயா சம்பளம், வேன் எல்லாமே ஓர் அறக்கட்டளையின் நிதியில் ஓடியது. ஏதோ பெரிய கம்பெனிக்காரர்கள் நடத்துவது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டுக் கொடுப்பார்கள். முன்பு வந்தவர்கள் ஹாலைப் பார்த்தார்கள், கழிவறையைப் பார்த்தார்கள், டீ குடித்துவிட்டுப் போனார்கள். இந்த முறை அப்படி நடக்காது என்று டீச்சர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அங்கே புது நிர்வாகமாம். தங்கள் பணத்தால் ஒவ்வொருவரும் எவ்வளவு முன்னேறியிருக்கிறார்கள் என்று பார்ப்பார்களாம். மீசைக்காரரின் தம்பி, தன் அண்ணன் முன்னேறி மந்திரியாக வேண்டுமா என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். டீச்சர் சிரிக்கவில்லை.

பெற்றவர்கள் சார்பில் நான் பேசுவதாக ஏற்பாடு. வாயுள்ளவள் என்று என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். பொய் சொல்ல வேண்டாம், உண்மையையே கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்றார் டீச்சர். தானே படி ஏறுகிறாள், தானே சாப்பிடுகிறாள் என்று சொன்னால் போதும். முன்பு ஏறமாட்டாள் போலிருக்கிறது என்று அவர்களே நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. என் வீட்டுக்காரரை மட்டும் கிட்டே விடக்கூடாது என்று முடிவு செய்தேன். அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். எதையும் பூசி மெழுகத் தெரியாது. நாற்காலிகளை எடுத்துப் போட்டுவிட்டு டயர் கடையில் போய் நில்லுங்கள் என்று சொல்லி வைத்தேன்.

வந்தவள் சின்ன வயதுப் பெண். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். கெட்டவள் என்று சொல்லமாட்டேன். தரையில் உட்கார்ந்து அவர்களோடு பந்து உருட்டினாள். புது முகத்தைப் பார்த்த பதற்றத்தில் பாப்பா உட்கார்ந்த இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். அவளைக் குளியலறைக்குக் கூட்டிப்போய்க் கழுவிவிட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தானா இவர் மேலே வர வேண்டும்? கதவுக்கு வெளியே பேச்சு கேட்டது.

"ஆறு வருஷத்துல உங்க பொண்ணுகிட்ட என்ன முன்னேற்றம் தெரியுது?"

"முன்னேற்றமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. வந்தப்ப எப்படி இருந்தாளோ, இன்னைக்கும் அப்படியே இருக்கா."

அந்தக் குரலில் இருந்த பெருமையை நான் எப்படிச் சொல்வேன்? பிள்ளை முதல் மார்க் வாங்கினதைச் சொல்லும் அப்பனின் குரல் அது. புதிதாக எதுவுமே கற்றுக்கொள்ளவில்லையா என்று அவள் கேட்டாள். ஒன்றுமே இல்லை, அதே நாலு வார்த்தைதான் என்று சந்தோஷமாகச் சொன்னார். பாப்பா உடுப்பில்லாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளை அப்படியே விட்டுவிட்டு ஓடவா முடியும்?

வெளியே வந்து என்னால் முடிந்தவரை விளக்கினேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். எழுத வேண்டியதை அதற்கு முன்பே எழுதி முடித்திருந்தாள். வீடு வரும்வரை இவரைத் திட்டித் தீர்த்தேன். நல்லதுதானே சொன்னேன் என்றார் அவர். அதுதான் என் வயிற்றெரிச்சல். அவர் சொன்னது நல்லதுதான்.

அடுத்த மாதம் நிதி இல்லை என்று வந்துவிட்டது. டீச்சர் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். கமிட்டியில் எங்களுக்காக வாதாடினாளாம். தொடக்கத்தில் இருந்த நிலை, இப்போதைய நிலை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், இவ்வளவுதான் கமிட்டி பார்க்குமாம். எங்கள் பன்னிரண்டு பேருக்கும் வித்தியாசம் பூஜ்யமாம்.

"குறையாம வெச்சிருந்தீங்க, எனக்குப் புரியுது டீச்சர். அதை எழுத அங்க இடம் இல்ல" என்றாள்.

டீச்சர் ஏறாத படி இல்லை. கடைசியில் ஹாலைக் காலி செய்தார். இப்போது அங்கே பழைய டயர்களை அடுக்கியிருக்கிறார்கள்.

பாப்பா வீட்டோடு இருந்தாள். முதலில் 'தண்ணி' போனது. பிறகு 'அப்பா' போனது. வேலை முடிந்து வந்ததும் இவர் அவள் எதிரில் போய் நிற்பார். அவள் பார்ப்பாள், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கைகழுவப் போவார். நடை தள்ளாடியது, சுவரைப் பிடித்துக்கொண்டாள். சோற்றை நான் ஊட்ட வேண்டியதாயிற்று. பிடிவாதக்காரி, 'வேணாம்' என்பதை மட்டும் வெகுநாள் விடவில்லை. அதுவும் போய், 'அம்மா'வும் போன அன்று நான் வாய்விட்டு அழுதேன். யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. இவரைத் திட்டுகிற தெம்புகூட எனக்கு இல்லை.

ஒரு வருஷம் கழித்து டீச்சர் வீட்டுக்கு வந்தார். அறக்கட்டளை மறுபடி விண்ணப்பம் கேட்கிறதாம். அந்தப் பெண்ணே கூப்பிட்டு, இப்போது போடுங்கள் என்றாளாம். எல்லாரும் மோசமாகிவிட்டதால் தொடக்க நிலை தாழ்வாக இருக்கிறது. இனிமேல் முன்னேற்றம் காட்டுவது சுலபமாம். இதைச் சொல்லும்போது டீச்சர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பன்னிரண்டு பேருக்கு ஒருவர் குறைந்தாலும் கிடைக்காது. ஒவ்வொருவருக்கும் ஒரு வருஷத்தில் என்ன தேறும் என்று சொல்லியாக வேண்டும். மற்றவர்களுக்குப் பாப்பாவின் நோய் கிடையாது. ஹால் திறந்தால் அவர்கள் உண்மையிலேயே தேறிவிடுவார்கள். மீசைக்காரர் நாள் முழுக்கக் கத்துகிறார் என்று அவருடைய தம்பி போனில் என்னிடம் அழுதிருந்தார்.

அந்தப் பெண் வீட்டுக்கு வந்தாள். பேச்சு உண்டா என்று கேட்டாள். இல்லை என்றார் இவர். நடை? சுவரைப் பிடித்துக்கொண்டு. சாப்பாடு? ஊட்டிவிட வேண்டும். ஒவ்வொன்றையும் தலையைக் குனிந்தபடி சொன்னார். அவள் கவனமாகப் பதிந்துகொண்டாள். பிறகு, அடுத்த வருஷம் எதை எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். இவர் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"பேசுவா மேடம். அந்த நாலு வார்த்தையும் திரும்பி வந்துடும். ஹால் தொறந்தாப் போதும்."

அவள் முகம் தெளிந்தது. எழுதிக்கொண்டாள்.

வாசல்வரை போய் அவளை வழியனுப்பிவிட்டுத் திரும்பினேன். இவர் நாற்காலியை இழுத்துப் பாப்பாவுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நெசமாவா? டாக்டர் உங்கிட்ட ஏதாவது சொன்னாரா?"

போனது திரும்பி வராது என்று டாக்டர் சொன்ன அன்று இவரும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நான் பாப்பாவின் வாயைத் துடைத்துவிடக் குனிந்தேன். அதையே ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா சொல்லு" என்றார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா" என்று இன்னும் மெதுவாகச் சொன்னார்.

இப்போதெல்லாம் வேலையிலிருந்து வந்ததும் கிரீஸ் கையைக்கூடக் கழுவாமல் அவள் எதிரில் உட்கார்ந்துவிடுகிறார். நேற்று உதடு லேசாக அசைந்தது என்கிறார். என்னையும் வந்து பார்க்கச் சொல்கிறார். நான் போய்ப் பார்த்துவிட்டு, ஆமாம், அசைகிறது என்கிறேன்.