ஓடாத குவாட்டர்பேக்

அமெரிக்கக் கால்பந்தின் பிளேஆஃப் என்னும் இறுதிச்சுற்று ஆட்டத்தில் தோற்றுத் திரும்பும் அணிக்காக விமான நிலையக் கம்பிவேலியோரம் பனியில் நின்றிருந்தான் வால்ட். பந்தை எறிந்தோ, தானே தூக்கிக்கொண்டு ஓடியோ ஆட்டத்தை நடத்துபவன்தான் குவாட்டர்பேக். 'குவாட்டர்பேக்கை மாத்து' என்று அட்டையில் எழுதி வைத்திருந்தான்.

"அவன் முன்னாடி தடுக்க ஒருத்தன்கூட இல்ல. ஓடியிருந்தா ஜெயிச்சிருப்போம். அந்தக் கழுதை பந்தை எறிஞ்சு எதிரணிகிட்ட தொலைச்சுட்டான்!" என்றான்.

"ராத்திரி பூரா டிவிகிட்ட கத்தினியே, இப்ப அவன் மூஞ்சிக்கு நேரா கத்து பாப்போம்," என்றாள் மனைவி டார்லீன்.

விமானத்திலிருந்து எல்லோருக்கும் கடைசியாக குவாட்டர்பேக் கோல்பி இறங்கினான். ஒவ்வொரு படியிலும் வலது காலை இழுத்து இழுத்து வைத்தான். இந்தக் காலோடு அவன் எப்படி ஓடியிருப்பான் என்று வால்ட்டுக்கு அப்போதுதான் உறைத்தது.

கோல்பி வேலியருகே வந்து அட்டையைப் படித்தான். "மன்னிச்சிடுங்க சார்."

கத்தத்தான் வால்ட் வாயைத் திறந்தான்.

"காலுக்கு ஐஸ் வெச்சியாடா?"

"வெச்சேன் சார்."

"இன்னும் வை. அடுத்த வருஷம் ஓடணும்ல."

வால்ட் அட்டையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.