மோலிமாவின் கூந்தல்

நியுவே என்னும் குட்டித் தீவு நாட்டின் ஒரே உயிரியல் ஆய்வாளரான மோலிமாவுக்கு, ஆராய்ச்சி நிதி மறுக்கப்படும் ஒவ்வொரு முறையும் கூந்தல் ஒரு முழம் வளர்ந்தது. காலையில் கடிதம் வந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் வளர்ந்துவிடும். ஒன்பது வருஷத்தில் ஒன்பது கடிதம். கூந்தலைக் கூடையில் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டுதான் நடமாடினாள். அவள் கேட்டது ஒன்றும் மலையளவு இல்லை. உங்கா என்கிற தென்னை நண்டு கடலில் விட்டுவரும் குஞ்சுகள் கரை திரும்புகின்றனவா என்று பார்க்க இரண்டு தொட்டி, ஒரு நுண்ணோக்கி, ஓர் உதவியாளர். உதவியாளர் யார் என்பதும் ஊரறிந்ததுதான்: கடல் தாண்டி ஆக்லாந்து நகரத்து மீன் தொழிற்சாலைக்குப் போய்விட்ட இகிமோட்டு. "நிதி வந்தா சொல்லு புள்ள, அடுத்த பிளைட்டுல வந்து நிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவன். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஒன்பது விண்ணப்பமும் எழுதினாள், பாவம்.

நிதி கொடுப்பவர்களோ, குறைந்தது மூன்று ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். "நாட்டுல மொத்தமே ஆயிரத்து அறுநூறு பேரு. மூணு நிறுவனத்துக்கு எங்கடி போறது? நண்டுக்குத்தான் உத்தியோகம் போட்டுக் குடுக்கணும்" என்று தாய்மாமன் தொங்கியா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு வழி சொன்னவரும் அவர்தான்: முடிவெட்டு விழா. அது வயசுக்கு வரும் ஆண்பிள்ளைக்கு எடுப்பது. சொந்தபந்தம் ஆளுக்கொரு கற்றை வெட்டி, உறையில் பணம் வைத்து, பன்றிக்கறியும் சேப்பங்கிழங்கும் வாங்கிப்போகும்.

"முப்பத்தாறு வயசுப் பொம்பளைக்கா?" என்று போதகர் இழுத்தார்.

"ஊர்ல எந்தப் பயலுக்கு இவ்வளவு முடி இருக்கு, காட்டுங்க போதகரே!" என்றார் மாமன்.

ஆக்லாந்திலிருந்து இரண்டு விமானம் நிறைய உறவு வந்து இறங்கியது. இகிமோட்டுவும் வந்தான். இருநூற்றுச் சொச்சம் பேர் வெட்டிய கற்றைகள் வெட்டியபடி இருக்க, அவன் வெட்டியது மட்டும் கத்தரிக்கோலைக் கீழே வைப்பதற்குள் மறுபடி வளர்ந்து தரையைத் தொட்டது. எல்லோரும் பார்த்தார்கள். அவனும் பார்த்தான். "சூப்பர்வைசர் ஆக்கியிருக்காங்க மோலிமா. ஒரே வருஷம், பார்த்துட்டு வந்துடறேன்" என்றான். "சரி, பத்திரமா போ" என்றாள். வேறென்ன சொல்வாள்? கனத்த உறையை வைத்துவிட்டு, கறியை வாங்கிக்கொண்டு அவன் விமானம் ஏறினான்.

ஆய்வுக்கூடம் எழும்பியது. நண்டுக் குஞ்சுகளில் சொற்பம்தான் பிழைக்கின்றன, ஆனாலும் கரை திரும்புகின்றன என்று நான்கு வருஷத்தில் கண்டுபிடித்தாள். அதைப் படித்துவிட்டு, முன்பு மறுத்தவர்களே தாமாகப் பணம் அனுப்பினார்கள். அன்றைக்காவது கூந்தல் நிற்கும் என்று ஊரே காத்திருந்தது. நிதி வந்தால் வருகிறேன் என்றவன் வரவில்லை; கூந்தலும் நிற்கவில்லை, அன்று தொடங்கித் தினமுமே வளர்ந்தது. ஏங்குகிற நெஞ்சுக்கு நிதி என்ன செய்யும்! இப்போது யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. விடிந்ததும் மாமன் மகள் வந்து ஒரு முழம் வெட்டிவிட்டுப் போகிறாள். விமானம் வரும் நாட்களில் மட்டும் சாயங்காலமும் ஒருமுறை வர வேண்டியிருக்கிறது.