ரெயூனியோனுக்குப் போகிறவன்

சித்தப்பா செபஸ்டியன், ரொஷானின் பிடரியில் கையை வைத்து, சவப்பெட்டியின் விளிம்பு வயிற்றில் இடிக்கும்வரை தள்ளிக்கொண்டு போனான். பெட்டிக்குள் ரொஷானின் தகப்பன் அம்புறோஸ் கோட்டுச் சூட்டோடு கிடந்தார். உயிரோடு இருந்தபோது கழுத்துப்பட்டி கட்டச் சொன்னால் எரிந்து விழுகிற மனிதர், இன்று பேசாமல் கட்டிக்கொண்டு கிடந்தார்.

“அப்பாவிலை கை வைச்சுச் சத்தியம் பண்ணு. கப்பல்லை ஏறமாட்டன் எண்டு சொல்லு,” என்றான் செபஸ்டியன். “இல்லாட்டி என்ரை அண்ணையின்ரை பெட்டியிலை நீ தோள் வைக்கக்கூடாது.”

ரொஷான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். கீழுதடு வீங்கி, நடுவில் தையல் போட்டிருந்தது.

பாரிஸுக்கு வெளியே பொபினியில் இருந்த அந்த மலர்ச்சாலையின் சின்ன அறைக்குள் அவர்கள் இருவரும், தாய் பியட்றிஸும், பெட்டியை மூடக் காத்துக் கதவடியில் நின்ற மலர்ச்சாலை ஆள் பெர்னாரும்தான். சொந்தபந்தமெல்லாம் வெளியே நின்று, மகன் அடித்துத்தான் அம்புறோஸ் செத்தார் என்று குசுகுசுத்துக்கொண்டிருந்தது. பியட்றிஸ் அதைக் கேட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தாள். செத்த புருஷனைப் பெண்சாதி குறை சொல்வதா என்று வாயைக் கட்டிக்கொண்டாள். வாயைக் கட்டுவது அவளுக்குப் பழகின வேலை.

நடந்தது இவ்வளவுதான். ஞாயிறு பூசை முடிந்து பாரிஸ் லா சப்பலில் இருந்த வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். “நான் லா ரெயூனியோனுக்குப் போறன்,” என்றான் ரொஷான்.

“ரெயூனியோனோ? எந்த முதலாளி இவ்வளவு அவசரமாக் கூட்டம் வைக்கிறான்?” என்று அம்புறோஸ் சிரித்தார். பிரெஞ்சில் கூட்டத்துக்கும் அதே சொல்தான். அவர் சிரிக்க, பியட்றிஸும் சிரித்தாள். அந்த வீட்டில் அப்படிச் சேர்ந்து சிரித்து வெகுகாலம்.

“கூட்டமில்லை அப்பா, தீவு. பாய்க்கப்பல்லை வேலை கிடைச்சிருக்கு. இஞ்சையிருந்து வைன் ஏத்திக்கொண்டு போய், அங்கையிருந்து வனிலா ஏத்திக்கொண்டு வாறது. பாய் இழுக்க, ராக்காவல் நிக்க ஆள் வேணுமாம். கையெழுத்து வைச்சிட்டன்.”

இந்து சமுத்திரத்தில் பிரான்சுக்குச் சொந்தமான அந்தத் தீவைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே கிடையாது. அம்புறோஸின் கடைசித் தம்பி வின்சென்ற், அங்கே போய் அகதியாகப் பதியலாம் என்று நம்பி, மன்னாரிலிருந்து மீன்பிடி வள்ளத்தில் வெளிக்கிட்டவன். வள்ளமும் போய்ச் சேரவில்லை, சவமும் கிடைக்கவில்லை.

அம்புறோஸ், ரூ பெர்தொனே என்கிற தெருவில் ஒரு கடையில் கொத்துரொட்டி போட்டவர். நாள் முழுக்கத் தகட்டில் கொத்திவிட்டு வருகிற கை வீட்டிலும் சும்மா இருந்ததில்லை. முதல் குத்து மகனின் வாயில் விழுந்தது. இரண்டாவதற்கு ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. பிறகு மாரடைப்பில் ஆள் கதிரையோடு சரிந்தார். அம்புலன்ஸ் வரும்வரை, வாயால் இரத்தம் ஒழுக ஒழுக, ரொஷான்தான் அந்த நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தான். தகப்பனின் வெள்ளைச் சேட்டில் கிடந்தது அத்தனையும் மகனின் இரத்தம். வெளியே நிற்கிற சனத்துக்கு அந்தச் சேட்டின் கதை மட்டும் போய்ச் சேர்ந்திருந்தது.

கப்பல் நாளை விடிய சென்-மாலோ துறைமுகத்திலிருந்து புறப்படுகிறது. இன்று மத்தியானம் மொன்பர்னாஸில் ரயில் ஏறாவிட்டால், வேறொருவனை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். 

செபஸ்டியனுக்குப் பொறுமை போய்விட்டது. ரொஷானின் கையை முறுக்கி இழுத்து, அம்புறோஸின் வலக்கை மேல் வைத்து அழுத்தினான். பியட்றிஸ் அந்தக் கையில் இறுக்கிச் சுற்றிவிட்டிருந்த செபமாலை நழுவியது. நடுவிரல் முட்டியில் பிளந்த காயம் தெரிந்தது.

“இதென்ன? கடிச்சனியோடா?”

“அவன் கடிக்கேல்லை,” என்றாள் பியட்றிஸ். “இவர் குத்தேக்கை பிள்ளையின்ரை பல்லுப் பட்டுப் பிளந்தது. அவன் திருப்பிக் கை நீட்டேல்லை, தம்பி. இந்தக் கை என்னிலை எத்தினை தரம் விழுந்தது எண்டு உங்களுக்கும் தெரியும்.”

செபஸ்டியன் காயத்தையே பார்த்தான். கண் கலங்கிவிட்டது.

“அப்பன் எண்டால் அடிப்பான்தானே, அண்ணி. வின்சென்றையும் அண்ணை அடிச்சு மறிச்சிருந்தால், அவன் இண்டைக்கு இருந்திருப்பான்.”

சொன்ன கையோடு ரொஷானின் தையல் வாயிலேயே அறைந்தான். “சத்தியம் பண்ணடா.”

தையல் விட்டு இரத்தம் நாடியில் இறங்கியது. ரொஷான் சித்தப்பாவின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு மோதினான். வலக்கை ஓங்கியது. தோள் பின்னுக்குப் போகிற விதம், முட்டி காதடியில் ஒரு கணம் தாமதிக்கிற விதம், எல்லாம் அம்புறோஸ்தான். அந்தக் கை வரும்போது தலையை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று பியட்றிஸின் கழுத்துக்குத் தெரியும். இப்போதும் அது தானாகத் திரும்பியது. பெற்ற பிள்ளையைப் பார்த்து அவள் முதல்முறையாகப் பயந்தாள்.

நடுவில் புகுந்து, மகனின் கன்னத்தில் பளாரென்று அறைந்தாள். அவனை அவள் அதுவரை அடித்ததே இல்லை.

“போ.”

“அடக்கம் முடியட்டும் அம்மா,” என்றான் பிரெஞ்சில்.

“இஞ்சை நிண்டால் இண்டைக்குச் சித்தப்பாவுக்கு அடிப்பாய். நாளைக்கு உனக்கெண்டு வாறவளுக்கு அடிப்பாய். போய் ரயிலைப் பிடி.”

“நீங்கள் தனிய என்ன செய்வியள்?” இந்தமுறை தமிழில் கேட்டான்.

அவள் மறுபடியும் கையை ஓங்கினாள். அவன் குனிந்து தகப்பனின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு, சனம் நிற்காத பக்கத்துக் கதவால் வெளியேறினான். நெற்றியில் இரத்தம் பட்டிருந்தது. பியட்றிஸ் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

“மகன் இல்லாத அடக்கமோ?” செபஸ்டியனுக்கு மூச்சு வாங்கியது. “சனம் காறித் துப்பும்.”

“துப்பட்டும்.”

மூடலாமா என்று பெர்னார் மெதுவாகக் கேட்டார். அவள் தலையாட்டினாள். மூடி இறங்கியது. செபஸ்டியன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று விம்மினான். பெர்னார் திருகாணிகளை ஒவ்வொன்றாக முறுக்கி முடித்துவிட்டு ஒதுங்கினார்.

பியட்றிஸ் பெட்டியைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு திருகாணியையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். வலக்கைப் பக்கம் இருந்த ஒன்றைக் காட்டி, இன்னும் ஒரு சுற்று இறுக்கச் சொல்லிச் சைகை செய்தாள்.