பத்தொன்பதாம் எண் கூடாரம்

காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு யதுகிரி கால்வாய்க் கரையில் ஸ்கூட்டரை நிறுத்தினாள். இன்னும் திறக்காத டீக்கடையின் மறைவில் போய் நின்றாள். பத்தொன்பதாம் எண் கூடாரத்திலிருந்து யார் வெளியே வருகிறார்கள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

மொத்தம் முப்பத்தோரு கூடாரங்கள். கால்வாய்க்கும் சாலைக்கும் நடுவே, அரசு நிலத்தில், நீலத் தார்ப்பாயும் மூங்கிலும் சாக்குமாக ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. தசராவுக்குப் பத்து நாள் இருந்தது. அதற்குள் நிலம் காலியாக வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் ஒவ்வொரு கூடாரத்திலும் சிவப்புப் பெயின்டில் ஓர் எண். அடுத்து நோட்டீஸ். நோட்டீஸை ஒட்டி, குடியிருப்பவரைப் பக்கத்தில் நிற்க வைத்து ஒரு படம். எல்லாப் படங்களும் சேர்ந்து மூன்றாம் நாள் ஜேசிபி. எண்ணும் நோட்டீஸும் படமும் யதுகிரியின் வேலை. ஜேசிபி வேறு ஆளுடைய வேலை. மாநகராட்சி வேலையில் பன்னிரண்டு வருடமாக இந்தப் பிரிவினை அவளுக்கு வசதியாகவே இருந்தது.

முந்தைய நாள் மாலை கேசவமூர்த்தி அந்தப் படங்களைக் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய மேலதிகாரி. ஓய்வு பெற எட்டு மாதம் பாக்கி. மற்றவர்கள் இருக்கும்போது கன்னடம் பேசுவார். அறை காலியானால் தமிழுக்கு வந்துவிடுவார்.

"யதுகிரி, இங்க வாம்மா. பதினெட்டுல நிக்கறது யாரு?"

"லிங்கம்மான்னு ஒருத்தி."

"பத்தொன்பதுல?"

குனிந்து பார்த்தாள். அதே பச்சைப் புடவை. அதே முகம். எண் விழுகிறதா, நோட்டீஸ் விழுகிறதா என்று பார்த்தாளே ஒழிய, நிற்பவர் முகத்தை அவள் பார்த்திருக்கவில்லை.

"ரெட்டைப் பிறவியோ?"

"கிண்டல் பண்ணாதீங்கோ சார்."

"நான் எங்க பண்றேன்? அவா பண்றா. ஒரு ஆள், ரெண்டு டென்ட். என்னிக்காவது வீடுன்னு ஒண்ணு குடுத்தா ரெண்டு கையாலயும் வாங்கிக்கலாமே. ரெண்டு நாளைக்குள்ள அதுல யார் இருக்கான்னு எழுது. யாரும் இல்லேன்னா இல்லேன்னு எழுது. ஜாஸ்தி யோசிக்காதே."

அவளால் யோசிக்காமல் இருக்க முடியவில்லை. மூடி வைத்த டப்பாவைத் திறந்து பார்க்காமல் தாண்டிப் போகத் தெரியாதவள். நோட்டீஸ் ஒட்டும்போது பத்தொன்பதுக்குள் எட்டிப் பார்த்திருந்தாள். மெழுகிய தரை. சுருட்டி வைத்த பாய். தட்டு மூடிய தண்ணீர்க் குடம். கொடியில் ஒரு துணி இல்லை. அடுப்பு எரிந்த கரி இல்லை. ஆள் இருக்கும் இடம் மாதிரியும் இல்லை, இல்லாத இடம் மாதிரியும் இல்லை.

ஆறு இருபது வரை யாரும் வெளியே வரவில்லை. பதிலாக ஒருத்தி உள்ளே போனாள். பதினெட்டிலிருந்து லிங்கம்மா, இடுப்பில் குடத்தோடு. பழைய தண்ணீரை வெளியே கொட்டினாள். புதுத் தண்ணீரை வைத்தாள். பெருக்கினாள். கூடாரத்தின் உச்சியில், சாலையைப் பார்த்தபடி கட்டியிருந்த மஞ்சள் யூரியா சாக்கை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"எத்தன நேரமுங் அங்கயே நிப்பீங்க? டீக்கடைக்காரன் எட்டு மணிக்குத்தான் வருவானுங்."

யதுகிரிக்கு முகம் சூடாயிற்று. மறைவிலிருந்து வந்தாள்.

"இதுல யார் இருக்கா?"

"என்ற தம்பி. ஜடையன்."

"எங்க அவர்?"

"தெரியலீங்."

"எப்போ வருவார்?"

"அதுந் தெரியலீங்."

இருபதாம் எண்ணின் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த ரூபா எச்சிலைத் துப்பினாள். "ஒரு வருசமா இதே பேச்சுதானுங். நானும் சேந்ததுல இருந்து பாக்கறேன், தம்பின்னு ஒரு நெழல் கூட வந்தபாடில்ல."

"உனக்கு உன்ற புருசன் வந்ததே மப்பு எறங்குனாத்தானடி தெரியும்" என்றாள் லிங்கம்மா. ரூபா நுரையோடு சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

லிங்கம்மா குடத்தைக் கீழே வைத்துச் சொன்னாள். அவர்கள் தமிழ்நாட்டு எல்லையோரம், ஹனூர்ப் பக்கம். கேபிள் குழி தோண்டுகிற வேலை. போன வருடம் ரிங் ரோடு ஓரத்தில் இருந்தார்கள். ஜடையனை நாற்பது நாள் வேலை என்று லாரியில் சாமராஜநகர்ப் பக்கம் கூட்டிப்போனார்கள். இருபதாம் நாள் ரிங் ரோடு இடத்தைக் காலி செய்துவிட்டார்கள். அந்த அவசரத்தில் லிங்கம்மாவின் போன் மண்ணோடு போயிற்று. சிம் யாரோ மேஸ்திரி பெயரில். திரும்ப வாங்க முடியவில்லை. ஜடையனுக்குத் தெரிந்தது அந்த ஒரு நம்பர்தான்.

"வேல முடிஞ்சு அங்கதான வந்து எறங்கியிருப்பான்? கம்பி வேலிதான் இருந்திருக்கும். நாங்க எங்க போனோம்னு கம்பி சொல்லுமுங்களா?"

"ஊர்ல விசாரிச்சேளா?"

"ரெண்டு வாட்டி போனனுங். வர்லியாம். ஊர்ல எங்களுக்குன்னு ஒண்ணுமில்ல, அங்க எதுக்குப் போறான்? அதுதான் நாங்க எங்க டென்ட்டு போட்டாலும் அவனுக்கும் ஒண்ணு போட்டுருவோம். ரோட்டப் பாத்தாப்புல. அவனுது மேல எப்பவும் மஞ்ச சாக்கு இருக்கும். பஸ்ஸுல போறப்ப கண்ணுல பட்டாப் போதுமுங்."

"அப்போ படத்துல நீங்க ஏன் நின்னேள்?"

"நீங்கதான 'யாரும்மா, வந்து நில்லு'ன்னீங்க. தம்பிக்கு நோட்டீசு வந்தா அக்காதானுங்க வாங்கோணும்?"

யதுகிரி பாதி நம்பினாள். மீதிப் பாதிக்கு வழி இருந்தது. காலி செய்த ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கோப்பு இருக்கும்.

ரிங் ரோடு கோப்பு பத்தரை மணிக்குக் கையில் கிடைத்தது. இருபத்திரண்டு கூடாரங்கள். முதலில் கடைசிப் பக்கத்துக் கையெழுத்தைப் பார்த்தாள். அவளுடையது அல்ல. அதன் பிறகுதான் முன் பக்கங்களுக்குப் போனாள். ஆள் இல்லாதது ஒன்றே ஒன்று. பன்னிரண்டாம் எண்: 'ஆள் இல்லை. பொருட்கள் கைப்பற்றப்பட்டுக் கிடங்கில் சேர்க்கப்பட்டன.'

கிடங்கு மண்டி மொஹல்லாவில் இருந்தது. ஆட்டோக்களுக்கும் வெங்காய மூட்டைகளுக்கும் இடையில் ஸ்கூட்டரை நுழைத்து, ஒரு சந்தின் கடைசிக்குப் போனாள். உள்ளே நூற்றுக்கணக்கான தள்ளுவண்டிகள், குடைகள், தராசுகள், உடைந்த ஸ்டூல்கள். காவல் பார்க்கும் சேகரன் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம். மியூசியத்துக்கு இன்னைக்கு டிக்கெட் இல்லை. ஃப்ரீ."

அவள் எண்ணைச் சொன்னாள். அவர் பதிவேட்டைப் புரட்டினார். தகரப் பெட்டி ஒன்று, கடப்பாரை ஒன்று, மண்வெட்டி ஒன்று, அம்மிக்கல் ஒன்று. முதல் மூன்றின் மேலும் கோடு போட்டு அடித்திருந்தது. பக்கத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. பெயர்: ஜடையன். முகவரி: ரிங் ரோடு, மஞ்சள் சாக்கு. தேதி, காலி செய்த நாளிலிருந்து இருபத்துநாலாம் நாள்.

யதுகிரி அந்த ரேகையையே பார்த்தாள். மை சற்று இழுபட்டிருந்தது.

"இவர் வந்தாரா?"

"வந்தான். பொருளெல்லாம் இங்கதான் வரும்னு தள்ளுவண்டிக்காரன் எவனோ சொல்லி அனுப்பியிருக்கான். பெட்டியையும் சாமானையும் தூக்கிட்டான். கல்லைத் தூக்க முடியலை. அப்புறமா வரேன்னான்."

"அப்புறம்?"

"வரானே. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருவாட்டி. கடைசியா ஆஷாட வெள்ளிக்கிழமை, சாமுண்டி மலைக்குக் கூட்டம் போச்சே, அன்னைக்கு. கல் இருக்கான்னு பாப்பான். எங்க ஆளுங்க யாராச்சும் கேட்டு வந்தாங்களான்னு கேப்பான். இல்லைம்பேன். போயிடுவான்."

"நம்பர் வாங்கினேளா?"

"போனே இல்லை மேடம். ஒருவாட்டி என் போன்ல ஏதோ ஒரு நம்பருக்கு அடிச்சான். அந்த நம்பர் உபயோகத்துல இல்லைன்னு கன்னடத்துல சொல்லுச்சு. எங்க வேலைப்பான்னேன். குழி எங்கயோ அங்கன்னான்."

"இத்தனை நாளா நீங்க யார்கிட்டயும் சொல்லலையே?"

சேகரன் கடலைத் தோலை ஊதினார். "யார் கேட்டாங்க? பொருளுக்குத்தான் மேடம் இங்க ரிஜிஸ்டர். ஆளுக்கு இல்லை."

அம்மிக்கல்லைக் காட்டச் சொன்னாள். சுவரோரம் இரண்டு தராசுகளுக்குப் பின்னால் கிடந்தது. நடுவில் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. அதன் முன்னால் மட்டும் தூசு இல்லை. யாரோ குத்தவைத்து உட்கார்ந்த இடம். சேகரன்தான் கடலை தின்ன அங்கே உட்காருவாரோ என்றும் அவளுக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

மாலையில் கால்வாய்க் கரைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். லிங்கம்மா அழவில்லை. கேள்வி கேட்டாள். இளைத்திருந்தானாமா? தாடி விட்டிருந்தானா? கடலைக்காரர் அவனை உட்காரச் சொன்னாரா? இதையெல்லாம் சேகரனிடம் தான் ஏன் கேட்கவில்லை என்று யதுகிரி நினைத்தாள்.

"அந்தக் கல்லை எடுத்துண்டு வந்துடலாம். நீங்க அக்கான்னு நான் எழுதித் தரேன்."

"அய்யோ, வேண்டாமுங்! கல்ல எடுத்துப்போட்டா அவன் எதுக்கு அங்க வருவான்?"

"சேகரன்கிட்ட சொல்லி வெச்சுருக்கேன். வந்தா உங்களைப் பத்திச் சொல்லுவார்."

"அவர வேற பக்கம் மாத்திட்டாங்கன்னா?"

லிங்கம்மாவே தொடர்ந்தாள். "ஏனுங் அம்மிணி, எங்க சாமானமெல்லாம் நாங்களே எடுத்துட்டுப் போயிட்டா அங்க ஒண்ணும் போகாதுங்களா?"

"போகாது."

"எடுக்காம உட்டுட்டா?"

"லாரில ஏத்துவா. சீட்டுல பேர், விலாசம் எழுதிக் கட்டி, கிடங்குல வெப்பா. ரிஜிஸ்டர்லயும் ஏறும்."

"ரிஜிஸ்டர யாரும் வேற பக்கம் மாத்த மாட்டாங்கல்ல?"

"மாட்டா."

லிங்கம்மா தலையை ஆட்டினாள். யதுகிரிக்கு அப்போது பாதிதான் புரிந்தது.

மறுநாள் பத்தொன்பதுக்கு எதிரே எழுதினாள்: ஜடையன். வெளியூர் வேலை. நோட்டீஸ் அக்கா பெற்றுக்கொண்டார். கேசவமூர்த்தி இரண்டு முறை படித்தார்.

"இருக்கானா, இல்லையா?"

"இருக்கார் சார். இங்க இல்லை."

அவர் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் நாள் ஒன்பது மணிக்கு ஜேசிபி வந்தது. அதற்கு முன்பே குடியிருந்தவர்கள் முளைக்குச்சிகளைப் பிடுங்கியிருந்தார்கள். தார்ப்பாய்கள் மடிந்தன. மூங்கில்கள் கட்டாயின. கைப்பற்றினால் திரும்ப வாங்க நாலு நாள் நடக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஓட்டை வாளியைக்கூட யாரும் விடவில்லை. ரூபா ஒரு குட்டி டெம்போவில் அடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பதினெட்டும் பத்தொன்பதும் மட்டும் அப்படியே நின்றன. லிங்கம்மா எதிரே கல்லில், மடியில் ஒரு துணிப்பையோடு உட்கார்ந்திருந்தாள்.

"இந்தம்மா ஏன் அசையாம உக்காந்துண்டிருக்கா?" என்றார் கேசவமூர்த்தி, அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "எடுத்துக்கச் சொல்லு. ஒரு சந்தர்ப்பம் குடுக்கணும், ரூல் இருக்கு."

யதுகிரி போய்க் கேட்டாள். "சாமானை எடுத்துக்கறேளா?"

"இல்லீங். நீங்களே எடுத்துக்கங்."

"ஏ அக்கா, பைத்தியமா புடிச்சிருக்கு?" டெம்போவிலிருந்து ரூபா கத்தினாள். "பெட்டியயாவது இங்க போடு!"

"உன்ற சோலியப் பாருடி."

கேசவமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ். 'நீங்களே எடுத்துண்டு போங்கோ'ன்னு ஒருத்தர் சொல்லி இப்பதான் கேக்கறேன். என்ன இது?"

"பிறகு சொல்றேன் சார்."

மாநகராட்சி ஆட்கள் லிங்கம்மாவின் பெட்டியைத் தூக்கி வந்தார்கள். பச்சைத் தகரம், மூடியில் இரண்டு மயில். அவள் அம்மாவுடையது என்றாள். கண் தெரியாத இருட்டிலும் ஜடையன் அதைத் தடவியே அடையாளம் சொல்லிவிடுவான் என்றாள். பெட்டி லாரியின் ஓரத்தில் நின்றது. பின்னால் ஜேசிபி பத்தொன்பதின் மேல் கையைத் தாழ்த்தியது. தார்ப்பாய் பெருமூச்சு விட்டதுபோல் படுத்துவிட்டது. லிங்கம்மா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. யதுகிரியின் கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள்.

"கல்லுக்குப் பக்கத்துலயே வெக்கச் சொல்லுங்."

"சொல்லிட்டேன்."

யதுகிரி லாரியின் பக்கவாட்டுப் பலகையில் சீட்டை வைத்து எழுதினாள். பெயர், லிங்கம்மா. தம்பி பெயர், ஜடையன். அதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் நெருக்கி எழுதினாள். அடுத்த கட்டம் விலாசம். இவர்களை அனுப்பும் இரவுத் தங்குமிடத்தின் தெருப் பெயரை எழுத ஆரம்பித்தாள்.

லிங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பேனா எங்கே நிற்கிறது, எங்கே நகர்கிறது என்று கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல இப்ப என்னங் எழுதறீங்க?"

"நீங்க இனிமே இருக்கப்போற இடம். ஷெல்டர்."

"அங்க எத்தன நாளைக்கு உடுவாங்க?"

"இருபத்தோரு நாள்."

லாரி டிரைவர் ஹாரன் அடித்தான். யதுகிரி தெருப் பெயரின் பாதியில் இருந்தாள்.

"அவன் எப்ப வருவான்னு தெரியாதே" என்றாள் லிங்கம்மா. "இருபத்திரெண்டாம் நாளைக்கு அதுல என்னன்னு எழுதுவீங்க அம்மிணி?"